அக்கா வேனின் பின் ஆக்சில்

கியர் ஆயில் நாற்றம் தெரியாதவர்கள் போன பிறவியில் புண்ணியம் செய்தவர்கள். அழுகின முட்டையையும் கருகின ரப்பரையும் ஒரே டப்பாவில் போட்டு மூடி, ஒரு மாதம் வெயிலில் வைத்துத் திறந்தால் ஏறக்குறைய அப்படி இருக்கும். சட்டையில் பட்டால் அந்தச் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான். அக்காவின் வேனுக்கு அடியில் படுத்தபோது நான் போட்டிருந்த சட்டையை என் மனைவி மூன்று முறை துவைத்துப் பார்த்தாள். நான்காவது முறை, "இத்த ஊட்டுக்குள்ள எடுத்துனு வராதீங்க, சொல்லிட்டேன்" என்று வாசலில் கால்மிதியாகப் போட்டுவிட்டாள். தெரு நாய்கூட அதன்மேல் படுக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். லேத்தில் கடைசல் முடிந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து, தலைமுடி அளவுக்கு வித்தியாசம் இருந்தாலும் சிவப்புச் சீட்டு கட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. இருபத்தாறு வருடமாக வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறேன். அதனாலோ என்னவோ, யாராவது குத்துமதிப்பாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாம்பாருக்குக் கொஞ்சம் உப்புப் போட்டேன் என்று வீட்டில் சொன்னால், எவ்வளவு கொஞ்சம் என்று கேட்கிற ஆள் நான். எங்கள் வீட்டில் இதற்காக எனக்கு யாரும் மாலை போடுவதில்லை.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அப்பா அங்கே ஃபிட்டராக இருந்தார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவளே பதில் சொன்னாள், இரண்டாவது முறை யாரும் கேட்கவில்லை. இப்போது பூந்தமல்லியில் இருக்கிறாள். ஒரு பழைய டீசல் வேன் வைத்திருக்கிறாள், அவளே ஓட்டுகிறாள். காலை ஐந்தே முக்காலுக்குப் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு போய், திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனி வாசலில் இறக்குவாள். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவாள். ஏழு வருடமாக இந்த ஒரே ட்ரிப்தான் அவளுக்குச் சோறு.

பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வேன் நெடுஞ்சாலை ஓரம் நின்றுவிட்டது. அடியில் கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் படாரென்று ஒன்று, அதோடு சரி. என்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பன்னிரண்டு பெண்களும் இறங்கிக் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் லேட். மத்தியானம் அந்தப் பேக்கிங் கம்பெனியிலிருந்து ஒருவர் அக்காவுக்குப் போன் செய்தார். வருகிற திங்கட்கிழமை காலை வேன் வர வேண்டும், வராவிட்டால் வேறு வண்டிக்கு ட்ரிப்பைக் கொடுத்துவிடுவோம் என்றார். ஏழு வருடம் ஓட்டினவளுக்கு ஆறு நாள் கெடு.

அக்கா எனக்கு உடனே சொல்லவில்லை. புதன்கிழமை காலையில்தான் சொன்னாள். லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

அவள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் ஷெட். பக்கத்திலேயே சாக்கடை, சாக்கடைக்குள் யாரோ வீசிப்போன கோழிக்கழிவு மூட்டை. அந்த வாசனைக்கு நடுவில் வேனின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பின் ஆக்சில் என்றால் இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் போகிற இரும்புக் குழாய். அதன் நடுவில் குடம் மாதிரி புடைத்திருக்கும். அந்தக் குடத்துக்குள் பெரிய பல்சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று. என்ஜினிலிருந்து வருகிற சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுவது இந்த ஜோடிதான். கிரவுன், பினியன் என்பார்கள்.

மெக்கானிக் முப்பது வயசுக்காரன். குடத்தின் மூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஆயில் வரவில்லை. கறுப்பாக, கெட்டியாக, கூழ் மாதிரி ஒன்று பொத்தென்று தட்டில் விழுந்தது. அதற்குள் சிலும்பு சிலும்பாக ஏதோ மிதந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போய்விட்டேன்.

"மரத்தூளு அண்ணாத்தே," என்றான் அவன், விரலால் அதைக் குழைத்துப் பார்த்து. "பல்லு தேஞ்சி சத்தம் வந்துகினு இருந்துக்கும். ஆயில்ல மரத்தூளப் போட்டு அமுக்கிக் கீறானுங்கோ. சில பேரு வாழப்பழம்கூடப் போடுவானுங்க."

"வாழைப்பழமா?"

"தோலோட."

சீ என்று வந்தது எனக்கு. சாகக் கிடக்கிற ஆளின் வாயில் துணியை அடைத்துவிட்டு, பார் எவ்வளவு அமைதியாக இருக்கிறான் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பன்னிரண்டு பெண்களும் என் அக்காவும் இதன்மேல் உட்கார்ந்து தினமும் லாரிகளுக்கு நடுவில் போய் வந்திருக்கிறார்கள். இதைச் செய்தவன் கையில் கிடைத்தால் அந்தக் கூழை அவன் தட்டிலேயே பரிமாறுவேன் என்று ஷெட்டே கேட்கும்படி சொன்னேன். அக்கா ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். தட்டில் கிடந்த கூழையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் இரண்டு பல்சக்கரத்தையும் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினான். பெரியதில் ஆறு பல் இல்லை. சின்னது கிழவன் வாய் மாதிரி இருந்தது. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றான். அப்புறம் தலையைச் சொறிந்தான்.

"இது இன்னா ஆக்சில்னு எனக்குத் தெர்ல அண்ணாத்தே. உங்க வண்டிக்கு வர்ற ஆக்சில் எனக்கு நல்லாத் தெரியும். இது அதும் மாரி இல்ல. இன்னா ஆக்சில்னு தெரிஞ்சாதான் செட்டு வாங்க முடியும்."

அந்த வாரம் முழுக்க நான் பார்த்த மனிதர்களில், தெரியாது என்று வாய் திறந்து சொன்ன முதல் ஆளும் கடைசி ஆளும் அவன்தான். அப்போது எனக்கு அவன் அருமை தெரியவில்லை. தெரியாதவனிடம் ஏன் வண்டியை விட்டாய் என்று அக்காவிடம் பாய்ந்தேன்.

அன்று மத்தியானமே அம்பத்தூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் பைக் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்து எடுத்ததைச் சாவியிலிருந்து துடைத்து, எதில் துடைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அதே கையால் ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தார். உடைந்த கிரவுனை ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புக்குல இன்னா வண்டின்னு போட்டுக்குதோ, அதான் சார் ஆக்சிலு. இதுல இன்னா டவுட்டு?"

"கொஞ்சம் இதைப் பாருங்க. அளந்து பார்த்துடலாமே."

"முப்பது வருசமா குந்திகினு கீறேன் சார் இங்க. கண்ண மூடிக்கினு எடுத்துக் குடுப்பேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தார். வியாழக்கிழமை காலையில் மெக்கானிக் அதைப் பிரித்துப் பழைய கிரவுனுக்குப் பக்கத்தில் வைத்தான். பழையதில் பன்னிரண்டு போல்ட் ஓட்டை. புதியதில் பத்து. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்று என்னைத்தான் கேட்க வேண்டும். துணியைப் பிரித்து இரண்டையும் எண்ணிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அளக்கிறவன் என்று பெயர், பன்னிரண்டு வரை எண்ணவில்லை. செட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தபோது கவுன்ட்டர்காரர் துளிகூட வெட்கப்படவில்லை. "அப்போ உங்க வண்டிதான் சார் தப்பு," என்றார்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் ஷெட்டுக்கு யாரோ சொல்லி ஒரு ஸ்பெஷலிஸ்ட் வந்தார். ஆக்சிலில் அவரைவிட்டால் இந்தப் பக்கம் ஆளே கிடையாதாம். வாய் நிறைய பாக்கு. வந்ததும் வராததுமாக, ஆக்சிலுக்கு நேர் கீழே, நான் படுத்துப் பார்ப்பதற்காக விரித்திருந்த அட்டைப்பெட்டியின்மேல் ஒரு துப்பு துப்பினார். சிவப்பாக அது அட்டைக்குள் ஊறியது. அப்புறம் தட்டில் இருந்த கூழில் விரலை விட்டு மோந்து பார்த்தார்.

"மிலிட்டரி மாலு," என்றார்.

ஆவடியில் வளர்ந்தவனிடம் இதைச் சொல்கிறார்! எங்கள் பக்கத்தில் ஒரு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கவில்லை என்றால் அது மிலிட்டரி மால். இட்லிப் பானை கனமாக இருந்தால் மிலிட்டரி மால். எதிர்வீட்டுக்காரர் ஒரு மின்விசிறியை மிலிட்டரி ஏலத்தில் எடுத்தேன் என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார், அடியில் பார்த்தால் பக்கத்து ஊர் பாடியில் இருக்கிற ஒரு கடையின் சீட்டு ஒட்டியிருந்தது.

"எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கனம் சொல்லுது."

"எடை போட்டீங்களா?"

"பாத்தாலே தெரியாதா? நானு எத்தினி பாத்துக்கீறேன்!"

"சரி, மிலிட்டரியில எந்த வண்டி? பெரிய லாரியா, ஜீப்பா? பல் எத்தனை? சொல்லுங்க, நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுப்பா," என்றார். தேச ரகசியம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று எழுத முடியாது. அரை வைத்தியனுக்கு ஆயிரம் பேரைக் கொல்ல வேண்டும், இந்த ஆளுக்கு ஒரு வேன் போதும் என்றேன். அவர் இன்னொரு முறை துப்பிவிட்டு வண்டி ஏறினார். மெக்கானிக் அட்டைப்பெட்டியைக் காலால் சாக்கடைக்குள் தள்ளினான். அக்கா மட்டும், "எதுக்குடா இப்பிடிப் பேசுற? பெரியவருடா அவரு," என்றாள்.

"பெரியவரா? துப்புறதுல பெரியவர்!"

"சரி வுடு," என்றாள். எனக்குப் பதில் சொல்ல விருப்பமில்லாதபோது அவள் சொல்வது அது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. கையை எத்தனை முறை கழுவினாலும் பருப்பு சாதத்தில் அந்த ஆயில் நாற்றம். கோபம் எனக்குப் புதிதில்லை. இது கோபமில்லை, அருவருப்பு. ஒருத்திக்குப் பிழைப்பு போகப்போகிறது, இவர்கள் ஆளுக்கு ஒரு பெயரை எடுத்து வீசிவிட்டுப் போகிறார்கள். தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்கிற நினைப்பே இல்லை. எங்கள் கம்பெனியில் இப்படி ஒருவன் இருந்தால் அன்றே வெளியே அனுப்பியிருப்பேன். இப்படியெல்லாம் மனைவியிடம் பேசித் தீர்த்தேன். அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை. கையில் மூன்று நாள்.

ஆக்சில் கூட்டின்மேல், அதாவது அந்த இரும்புக் குழாயின்மேல், எங்கேயாவது வார்க்கும்போதே பதித்த எண் இருக்கும், அதைப் படித்தால் என்ன வண்டியுடையது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றான் மெக்கானிக். ஆனால் பெயின்ட் அப்பியிருந்தது. இதற்குக் காரணம் அக்கா. ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அக்கா அதோடு விட மாட்டாள். வேனுக்கு அடியில் தானே படுத்துக்கொண்டு வண்டியைத் தாங்குகிற சேசிஸ் சட்டம், ஆக்சில் எல்லாவற்றுக்கும் பிரஷ்ஷால் பெயின்ட் அடிப்பாள். துருப்பிடிக்கக் கூடாதாம், சாமிக்கும் மேலே கீழே என்று கிடையாதாம். ஆனால் அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று, கடையிலோ வீட்டிலோ எந்த நிறம் அரை டின் மிச்சம் கிடக்கிறதோ அதை எடுத்து அடிப்பாள். ஆக, வருடத்துக்கு ஒரு நிறம்.

மெக்கானிக் சுரண்டினான். எண் இருக்க வேண்டிய இடத்தில் வெல்டிங் தழும்புதான் இருந்தது. யாரோ கூட்டை வெட்டி, இந்த வேனின் அகலத்துக்குத் தகுந்தபடி ஒட்டியிருக்கிறார்கள். எண் அந்த வெட்டிலேயே போய்விட்டது. "போச்சு," என்று மெக்கானிக் ஸ்க்ரேப்பரைக் கீழே போட்டான். நான் சுவரில் ஓங்கிக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

அக்கா எழுந்து வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி, செல்போன் வெளிச்சத்தில் சுரண்டின இடத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பச்சை எங்கடா?" என்றாள்.

"எந்தப் பச்சை?"

"தம்பி, மேல சேசிஸ்ஸக் கொஞ்சம் சொரண்டு," என்றாள் மெக்கானிக்கிடம்.

சுரண்டினான். மேலே கறுப்பு. அதற்குக் கீழே காப்பிக்கொட்டை நிறம். அப்புறம் வெள்ளி, பச்சை, நீலம், இன்னொரு கறுப்பு, அடியில் செங்கல் நிறம். ஏழு ஆயுத பூஜை, ஏழு நிறம். ஆக்சிலில் கறுப்பு, காப்பிக்கொட்டை, வெள்ளி, மூன்றே மூன்றுதான். வெள்ளிக்கு அடியில் பச்சை இல்லை. திட்டுத் திட்டாக மஞ்சள் இருந்தது.

"மஞ்சள் நான் அடிச்சதே இல்ல," என்றாள் அக்கா. "பச்சை வந்து ஊட்டு கேட்டுக்கு அடிச்ச மிச்சம். அதுக்கு அடுத்த வருசம்தான் வெள்ளி. பச்சைக்கும் வெள்ளிக்கும் நடுவுல இந்த ஆக்சில் வந்துக்கீது."

இருபத்தாறு வருடம் அளந்தவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஊரில் இருக்கிற ஸ்பெஷலிஸ்ட்டுகளுக்கெல்லாம் தெரியாததை அவள் பெயின்ட்டை வைத்துப் படித்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் அரை நிமிடம்தான் இருந்தது. பச்சைக்கும் வெள்ளிக்கும் நடுவில் அந்த வேன் அவள் கையைவிட்டுப் போனது ஒரே ஒரு முறை. அந்தக் கோடையில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அவள் படுத்திருந்த சமயத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டியிருந்தது. நான்தான் எடுத்துப்போய் என் நண்பன் ஒருவனின் ஷெட்டில் விட்டேன். பதினோரு நாள் அங்கே நின்றது. திரும்பி வந்த பிறகு ஒரு தரம் அக்கா, "வண்டில சத்தம் வேற மாரி கீதுடா," என்றாள். நான் அன்றைக்கு என்ன சொன்னேன் என்பதும் நினைவுக்கு வந்தது. வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும், காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றேன்.

"அந்த நாய்தான்!" என்று ஷெட் அதிரக் கூவினேன். "உன் நல்ல ஆக்சிலைக் கழட்டி வித்துட்டு, எங்கேயோ கிடந்த சாக்கடையை மாட்டியிருக்கான். மரத்தூளும் அவன் வேலைதான். கூடப் படிச்சவன், வீட்ல வந்து சாப்பிட்டவன்! தூ!"

அக்கா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சண்டை போடாத. இன்னா செட்டுன்னு மட்டும் கேட்டுனு வா," என்றாள்.

நண்பன் இப்போது ஐயப்பன்தாங்கலில், பஸ் டிப்போவுக்குப் பின்பக்கம் ஷெட் போட்டிருக்கிறான். சனிக்கிழமை காலையில் போனேன். வழி முழுக்க, பஸ்ஸில் நின்றுகொண்டு, அவனை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை. பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் என் உதடு அசைவதைப் பார்த்து நகர்ந்து நின்றார். அவன் ஒரு ஷேர் ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தான். காலைப் பிடித்து இழுக்காத குறை.

"டேய், எங்கக்கா வண்டி ஆக்சிலை எவன்கிட்டடா வித்த?"

அவன் வெளியே வந்து உட்கார்ந்து, என்னை அடையாளம் கண்டு சிரித்தான். "வா மச்சான். இன்னா ஆளையே காணோம்? எந்த ஆக்சிலு?"

சொன்னேன். சாதாரணமாகச் சொல்லவில்லை, நாலு கடை எட்டிப் பார்க்கும்படி சொன்னேன். திருடன் என்றேன். பெண்கள் உயிரோடு விளையாடினவன் என்றேன். அவன் சிரிப்பு நின்றது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"ஆஸ்பத்திரில இருந்தாங்களே, அந்த அக்கா வண்டிதான? ஞாபகம் கீது," என்றான். "ஆக்சில் கூடு வெடிச்சு இருந்துச்சு மச்சான். வெல்டு நிக்கல. ஒனக்குப் போன் போட்டேன்."

"எனக்கா?"

"பின்ன யாருக்கு? ஒரிஜினல் கூடு வர ஒரு வாரம் ஆவும்னேன். திருமழிசையில ஒடைக்கப் போட்ட ஸ்கூல் வேன் ஆக்சில் ஒண்ணு கீது, அளவு வேற, வெட்டித்தான் ஒட்டணும், பல்லு தேஞ்சிக்கீது, சத்தம் வரும், இன்னா பண்ணட்டும்னு கேட்டேன். நீ இன்னா சொன்ன?"

நான் அவன் துணியில் இருந்த கறையைப் பார்த்தேன்.

"'எதையாச்சும் போட்டு அனுப்புடா, உயிர எடுக்காத'ன்ன. நாளைக்கு எஃப்.சி.ன்ன. போன வெச்சுட்ட. போட்டு அனுப்பிட்டேன்."

"மரத்தூள்?"

"சத்தத்துக்கு. எல்லாரும் போடுறதுதான் மச்சான்."

அவன் பொய் சொல்கிறான் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கே நினைவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி. கையில் மருந்துச் சீட்டு. கம்பெனியில் அன்றைக்கு ஒரு பெரிய லாட் சரக்கு திரும்பி வந்து, மேனேஜர் என்னை அழைத்துக்கொண்டே இருந்தார். அதற்கு நடுவில் இவன் போன். அந்த வார்த்தைகள் என்னுடையவைதான். உயிர எடுக்காத என்பது நான் தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தை. கவுன்ட்டர்காரரும் பாக்குக்காரரும் ஒரு பெயரையாவது சொன்னார்கள். நான் எதையாவது என்றேன்.

நண்பன் ஒரு அட்டைத் துண்டை எடுத்து, எந்தப் பழைய வேனின் ஆக்சில், எத்தனை பல், எத்தனை போல்ட், எந்தக் கடையில் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். டீ சாப்பிடச் சொன்னான். திருடன் என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செட் கிடைத்தது. கடையிலேயே பல்லை எண்ணினேன், ஓட்டையை எண்ணினேன், பழையதை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது அக்கா, "கண்டுபுடிச்சிட்டியா!" என்று என் தோளில் தட்டினாள். அவள் முகத்தில் அந்த வாரம் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"யாருதாம்?" என்று கேட்டாள்.

"ஸ்கூல் வேனுதாம். உன் கூடு வெடிச்சிருந்ததாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவனா எதையோ எடுத்து மாட்டிட்டான். நல்லா கேட்டுட்டு வந்தேன், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "சரி வுடு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. கூட்டுக்குள் இருந்த கூழை வழித்து, மண்ணெண்ணெய் விட்டு நான்கு தரம் நானே கழுவினேன். மெக்கானிக் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. புது ஆயில் ஊற்றி மூடினோம். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கெல்லாம் அம்பத்தூரிலிருந்து பைக்கில் வந்துவிட்டேன். அக்காவோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டு, பெண்கள் ஏறுகிற முனை வரைக்கும் போனேன். பூப்போல ஓடியது. யாரும் இன்னும் வரவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"சத்தமே இல்ல பாத்தியா," என்றேன். "ஆனா அவனை நான் சும்மா விடறதா இல்லைக்கா. கேக்காமக் கொள்ளாம ஒருத்தர் வண்டியில..."

"அவன் கேட்டான்டா," என்றாள் அக்கா.

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆபரேசன் ஆன மறுநாளு. என் கட்டிலாண்ட நின்னுகினுதான பேசின? நான் தூங்கினு கீறேன்னு நெனச்சுகின. நான் தூங்கல. எதையாச்சும் போட்டு அனுப்புன்ன. இன்னா போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. எதையோ போட்டுக்கீறாங்கன்னு தெரியும். அதான் அன்னிலேர்ந்து நாப்பதுக்கு மேல நான் ஓட்டினதே இல்ல."

மூன்று வருடம் ஆகப்போகிறது. தினமும் இரண்டு வேளை, பின்னால் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு, அடியில் இருக்கிறதை நம்பாமல் ஓட்டியிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"ஒரு தபா சத்தம் வருதுன்னு சொன்னேன். நீ கத்தின."

குற்றம் சொல்கிற குரலாக இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். என் மேலேயே எனக்கு வந்த அருவருப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று என் அக்கா என்னிடம் மூன்று வருடம் பயந்திருக்கிறாள். வேறு மெக்கானிக்கிடம் காட்டினால் விஷயம் என் காதுக்கு வரும் என்று அதையும் செய்யாமல் இருந்திருக்கிறாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்லிப் பழக்கமில்லை.

முனையில் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு வர ஆரம்பித்தார்கள். வேனைப் பார்த்ததும் இரண்டு பேர் ஓடியே வந்தார்கள்.

"எறங்குடா," என்றாள் அக்கா. "முன்னாடி ரெண்டு பேர் குந்துவாங்க."

இறங்கினேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பெண் ஏறிக்கொண்டாள். "வண்டி ரெடியாய்ட்ச்சாக்கா? நாங்க பயந்தே பூட்டோம், வேற வண்டிய வுட்டுருவாங்கன்னு. யாரு பண்ணிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

"என் தம்பிதான்," என்றாள் அக்கா, சாவியைத் திருப்பிக்கொண்டே. "ஒரு வாரமா லீவு போட்டு அலைஞ்சு, அவன்தான் இன்னா ஆக்சிலுன்னு கண்டுபுடிச்சான்."

அந்தப் பெண் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.